கொலுப்படிக்குப் பக்கத்தில் ஒரு ரயில் பாதை



நவராத்திரி நெருங்கினால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் காலை வைக்க இடம் இருக்காது. இரண்டு பக்கமும் பொம்மைகள். தசாவதார செட், கல்யாண செட், கிரிக்கெட் செட் என்று அம்மாவும் பாட்டியும் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். உங்கள் கண் மட்டும் வேறு பக்கம் போகும். குட்டி வேலி, குடிசை, பிளாஸ்டிக் மான், விரல் நீள மரம். இதெல்லாம் எதற்கு? கொலு பார்க்குக்குத்தான்!

படி கட்டுவது பெரியவர்கள் வேலை. பக்கத்தில் பார்க் கட்டுவது எப்போதுமே வீட்டுப் பிள்ளைகளின் வேலை. மண் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தூவி முளைக்க வைத்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, மணலில் ரோடு போட்டு, நடுவில் ஒரு ரயிலும் விட்டால் பார்க் தயார். என் சின்ன வயதில் சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில் இருந்தது. இப்போது பேட்டரி ரயிலும் மின்சார ரயிலும் வந்துவிட்டன. வெளிநாடுகளில் இதையே 'மாதிரி ரயில்' என்று பெயர் வைத்து, சங்கம் அமைத்து, பத்திரிகை நடத்தி, தாத்தாக்கள்கூட விளையாடுகிறார்கள். நாம் பெயர் வைக்காமலே ஒன்பது நாள் செய்துகொண்டிருக்கிறோம்.

வரும் நவராத்திரிக்கு உங்கள் பார்க்கிலும் ரயில் விடப் போகிறீர்களா? அப்படியானால் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் நான் பட்ட அவதியைக் கேளுங்கள்.

மூன்றாம் நாள் நடந்த கூத்து

சில வருடங்களுக்கு முன்பு என் பேரனும் பேத்தியும், "தாத்தா, இந்த வருஷம் பெரிய ரயில்!" என்றார்கள். பேரன் அப்போது நான்காம் வகுப்பு. பேத்தி ஏழாம் வகுப்பு. நானும் உற்சாகமாகக் கிளம்பிவிட்டேன். ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தில் பார்த்த படம் மனதில் இருந்தது. இரட்டை வட்டப் பாதை, பின்னால் மலை, மலைக்குள் குகை, ஒரு பாலம், இரண்டு ஸ்டேஷன். அதை அப்படியே தாளில் வரைந்தேன். ஆறடிக்கு நாலடி பிளைவுட் பலகை வாங்கி, ஹாலின் மூலையில் இரண்டு சுவரையும் ஒட்டித் தள்ளிப் போட்டேன். ரயில் மின்சாரத்தில் ஓடுவது. முதல் இரண்டு நாள் பிரமாதம்!

மூன்றாம் நாள் வீடு நிறைய விருந்தாளிகள். மாமிகள் சுண்டல் வாங்கிக்கொண்டு ரயிலைப் பார்க்கக் குனிந்தார்கள். ரயில் குகைக்குள் போனது. போனது போனதுதான். வரவில்லை! குகை இருந்ததோ இரண்டு சுவரும் சேரும் மூலையில். என் கை எட்டவில்லை. பலகையின் ஓரத்தில் ஒரு முழங்காலை ஊன்றி எட்டிப் பார்த்தேன். பலகையின் மறுமுனை தூக்கிக்கொண்டது. கடுகு முளைத்த தட்டு சரிந்து தண்டவாளம் முழுக்கத் தண்ணீர். பதறித் திரும்பியபோது என் முழங்கை கீழ்ப்படியில் இடித்து, வாமனர் உருண்டு விழுந்தார். அவருடைய குடை உடைந்துவிட்டது. பாட்டி அன்று இரவு என்னிடம் பேசவில்லை.

ஆனால் குடை உடைந்ததைவிட என்னை அதிகம் வருத்தியது பேத்தி சொன்ன சொல். எல்லோரும் போன பிறகு மெதுவாகக் கேட்டாள்: "தாத்தா, ரயில் நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல எனக்குச் செய்யறதுக்கு என்ன இருக்கு? ஸ்விட்சைப் போட்டா சுத்துது. அவ்வளவுதானே?"

பேரன் அதைக்கூடச் சொல்லவில்லை. அவன் ரயில் பக்கமே திரும்பாமல், பழைய காலண்டர் அட்டையை வெட்டிப் பிளாட்பாரம் டிக்கெட் செய்துகொண்டிருந்தான்.

முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் நின்றவன் நான். 'பாடம் எடுக்கும் முன் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொள்' என்று ஆசிரியர் பயிற்சியில் முதல் மாதமே சொல்லிக் கொடுத்தார்கள். என் வீட்டில் கேட்க மறந்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அது எனக்குப் பிடித்த ரயிலும் இல்லை. யாரோ எடுத்த படத்தில் இருந்த ரயில்!

ஒரு மணி நேரம், ஒரு நோட்டு

அடுத்த முறை நான் ஒரு பொருளும் வாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளை மாம்பலம் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். எங்கள் அடுக்குமாடி வீட்டில் கீழ்த்தளத்தில் இருக்கும் பையனும் ஒட்டிக்கொண்டான். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, ஓரத்துக்குப் போகாமல் நடுவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு நோட்டு. "ஒரு மணி நேரத்தில் உங்களுக்குப் பிடித்தது எதுவோ அதை எழுதுங்கள்" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

பேரனின் நோட்டில் ரயிலே இல்லை! "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்ற அறிவிப்பு, ஒவ்வொரு வண்டியும் வந்த நேரம், புறப்பட்ட நேரம், எது நான்கு நிமிடம் தாமதம், கார்டு எப்போது கொடி காட்டினார். இவைதான் இருந்தன.

பேத்தி எழுதியது கேள்விகள். 'அந்தப் பாதையில் போன ரயில் எங்கே இந்தப் பாதைக்கு மாறியது? யார் மாற்றினார்கள்? நடுவில் ஒரு பெட்டியை மட்டும் கழற்ற வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்?'

கீழ்வீட்டுப் பையன் எழுதவே இல்லை, வரைந்திருந்தான். தண்ணீர்த் தொட்டி, மதில் மேல் பூனை, கிழிந்த சினிமா போஸ்டர், எதிர்ப் பிளாட்பார டீக்கடையின் அடுப்பு.

நானும் எழுதினேன். தூரத்தில் ஹாரன் கேட்கும். எங்கிருந்து என்று தெரியாது. திடீரென்று எக்ஸ்பிரஸ் தடதடவென்று வந்து, கடைசிப் பெட்டி சின்னதாகி மறையும். அதுதான் எனக்குப் பிடித்தது. 1977 ஆகஸ்ட் 15-ல் வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியபோது நான் பள்ளிக்கூடப் பையன். அப்போது அது மீட்டர்கேஜ் வண்டி. அது போவதைப் பார்ப்பதற்காகவே மாம்பலம் வேலியோரம் நின்றிருக்கிறேன். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ல் ஓட ஆரம்பித்த மீட்டர்கேஜ் மின்சார ரயிலையும் பார்த்தேன். அது 2004-ல் நிற்கும்வரை அதில்தான் வேலைக்கும் போனேன்.

ஆக, ஒரே பெஞ்சில் நாலு பேர். நாலு பேருக்கும் வேறு வேறு ரயில். ஒரே பலகையில் எல்லாருக்கும் ஒரே வட்டம் போட்டுக் கொடுத்தால் எப்படிச் சரிப்படும்?

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். தண்டவாளத்தின் பக்கம் போகவே கூடாது. நோட்டில் என்ன வந்ததோ அதுதான் உங்கள் ரயில்.

வேடிக்கை பார்ப்பவருக்கு

நீங்கள் என்னைப் போல் வேடிக்கை பார்ப்பவரா? உங்களுக்கு வட்டப் பாதையே போதும். சாதாரண பேட்டரி ரயில்கூடப் போதும். ஆனால் ஒரு தந்திரம் உண்டு. பாதையில் பாதியை மறைத்துவிடுங்கள்!

முழு வட்டமும் கண்ணுக்குத் தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடும். பின்பாதிக்கு முன்னால் ஒரு அட்டைச் சுவரோ, தெர்மாகோல் மலையோ வையுங்கள். மலையின் பின்பக்கம் திறந்தே இருக்கட்டும், கை போக வேண்டும் (என் முழங்காலை மறக்காதீர்கள்!). ரயில் மறைவுக்குள் போனதும் நிறுத்துங்கள். இருபது எண்ணுங்கள். பிறகு விடுங்கள். அந்த இருபது எண்ணிக்கையில் அது மதுரைக்குப் போய்விட்டு வந்துவிடும். பெரிய பெரிய மாதிரி ரயில் அமைப்புகளில் எல்லாம் இந்த மறைவிடம் கட்டாயம் இருக்கும். அங்கே நாலைந்து ரயில்கள் வரிசையாகக் காத்து நிற்கும்.

மின்சார ரயில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போன பாதையிலேயே ரயில் திரும்பி வரட்டும் என்று, பாதையின் முனையைச் சுருக்குக் கயிறு போல வளைத்துச் சேர்த்து வரைவீர்கள். எல்லாரும் வரைவார்கள், நானும் வரைந்தேன். தாளில் ஒரு சோதனை செய்யுங்கள். இடது தண்டவாளத்தின் மேல் விரலை வைத்து அப்படியே போங்கள். சுற்றி வந்ததும் விரல் வலது தண்டவாளத்தில் வந்து நிற்கும்! ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். இரண்டும் முட்டினால் ஷார்ட் சர்க்யூட். அதற்குத் தனி ஸ்விட்ச் வேலை இருக்கிறது, முதல் வருடத்தில் வேண்டாம்.

பேத்தியின் தீப்பெட்டி யார்டு

இப்போது பேத்தியின் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதற்குக் காசே வேண்டாம்!

ரயில் சுற்றுவதைப் பார்க்க அவளுக்கு ஆசை இல்லை. பெட்டிகளைக் கோத்து, கழற்றி, வரிசை மாற்ற வேண்டும். ரயில்வேயில் அதற்கு ஷண்டிங் என்று பெயர். சென்ட்ரல் பக்கத்தில் பேசின் பிரிட்ஜைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள், பாதைக்குப் பக்கத்தில் பாதை, பெட்டிக்குப் பக்கத்தில் பெட்டி.

இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் ஒரு சின்ன மாதிரி ரயில் பாதை அமைத்தார். அதற்கு 'இங்கிள்நூக் சைடிங்ஸ்' என்று பெயர். இங்கிள்நூக் என்றால் குளிர்காய்கிற அடுப்பை ஒட்டிய மூலை. அந்த மூலையளவு இடத்தில் அடங்குகிற ரயில் பாதை! இன்றைக்கும் உலகம் முழுக்க அதைப் பார்த்துப் பலர் செய்கிறார்கள். நாங்கள் மொட்டை மாடியில் சாக்பீஸால் வரைந்தோம். நீங்களும் வரையுங்கள்.

இடது பக்கம் ஒற்றைக் கோடு. அது வலது பக்கம் போகப் போக மூன்றாகப் பிரிகிறது. பிரியும் இடங்கள்தான் பாயிண்ட். காலித் தீப்பெட்டிகள்தான் ரயில் பெட்டிகள். (குச்சிகளை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.) மூன்று கிளைகளில் ஒன்று நீளமானது, ஐந்து தீப்பெட்டி நிற்க வேண்டும். மற்ற இரண்டும் குட்டை, மூன்று மூன்று தீப்பெட்டி நிற்கலாம். இடது பக்க ஒற்றைக் கோட்டில் ஒரு இன்ஜினும் மூன்று பெட்டியும் மட்டும் நிற்கலாம். ஒரு தீப்பெட்டி சுமார் 5 சென்டிமீட்டர். எல்லாம் சேர்த்து மூன்றடிக்குள் அடங்கிவிடும்.

எட்டுத் தீப்பெட்டிகளில் 1 முதல் 8 வரை எழுதுங்கள். ஐந்தை நீளக் கிளையில் வையுங்கள், மூன்றைக் குட்டைக் கிளையில் வையுங்கள். ஒரு கிளை காலி. இன்ஜினாக ஒரு அழிரப்பர். அது எப்போதும் பெட்டிகளுக்கு இடது பக்கம்தான் இருக்கும். இப்போது சீட்டுக் குலுக்கி ஐந்து எண்களை எடுங்கள். 5, 2, 8, 1, 7 என்று வந்தால், இன்ஜினிலிருந்து எண்ணும்போது அதே வரிசையில் ஐந்து பெட்டிகளும் நீளக் கிளையில் நிற்க வேண்டும். பெட்டியைக் கையில் தூக்கக் கூடாது, தாண்ட வைக்கக் கூடாது. இன்ஜின் இழுத்தால் வரும், தள்ளினால் போகும். அவ்வளவுதான்.

சுலபம் என்று நினைக்கிறீர்களா? முதல் நாள் எனக்கு வேர்த்துவிட்டது! வேண்டிய பெட்டி எப்போதும் வேண்டாத இரண்டுக்குப் பின்னால்தான் நிற்கும். அதை எடுக்க, நன்றாக நிற்கும் ஒன்றைக் கலைக்க வேண்டியிருக்கும்.

எத்தனை விதமான வரிசை வரலாம்? முதல் இடத்துக்கு எட்டுப் பெட்டியில் எதுவும் வரலாம். அடுத்த இடத்துக்கு மீதி ஏழு. அப்புறம் ஆறு, ஐந்து, நான்கு. 8 × 7 × 6 × 5 × 4 = 6,720. தினமும் ஒன்று ஆடினால் பதினெட்டு வருடத்துக்கு மேல் ஆகும். வட்டத்தில் சுற்றும் ரயிலைப் பார்த்து மூன்றாம் நாளே 'அவ்வளவுதானே' என்றவள், இதில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வரவில்லை.

டிக்கெட் கொடுப்பவர்

பேரனுக்கு வேண்டியது நேரம். இரண்டு ஸ்டேஷனும் ஒரு கடிகாரமும் போதும். மாதிரி ரயில்காரர்கள் வேகக் கடிகாரம் என்று ஒன்று வைத்திருப்பார்கள். அதில் பத்து மடங்கு வேகம் என்றால், நம்முடைய ஆறு நிமிடம் அதில் ஒரு மணி நேரம். காலை நான்கு மணி முதல் வண்டியிலிருந்து நள்ளிரவு கடைசி வண்டி வரை இருபது மணி நேரம். நமக்கு அது இரண்டே மணி நேரம்! பேரன் சார்ட் அட்டையில் கால அட்டவணை எழுதி ஒட்டினான். கொலு பார்க்க வருகிறவர்களுக்குச் சுண்டலோடு ஒரு டிக்கெட்டும் கொடுத்தான். மாமி ஒருவர் 'வேளச்சேரி வண்டி எப்போ?' என்று கேட்க, இவன் மைக் பிடிக்கிற பாவனையில் அறிவிப்புச் செய்ய, அன்றைக்கு வீட்டில் கொலு பொம்மையை யாருமே பார்க்கவில்லை.

பறக்கும் ரயிலும் கொஞ்சம் கணக்கும்

கீழ்வீட்டுப் பையன் வரைகிறவன் இல்லையா? அவனுக்கு ரயில் ஓடாவிட்டால்கூடக் கவலையில்லை. ஊர் வேண்டும். அவனிடம் வெளிநாட்டுப் பனிமலைப் படத்தைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? அவன் பார்த்த ஊரையே கட்டச் சொன்னேன்.

நம் பக்கத்துக்கு நல்ல பாடம் பறக்கும் ரயில்தான். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை வந்தது. 1997-ல் திருமயிலை, 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி. தூண்களின் மேல் ரயில், கீழே பக்கிங்காம் கால்வாய். கிரீன்வேஸ் ரோடு தாண்டியதும் அடையாறு ஆறு, அதன் மறுகரையில் கோட்டூர்புரம். அப்படியே கட்டலாமா?

கணக்குப் போடுவோம். மாதிரி ரயிலில் உலகத்தில் அதிகம் புழங்கும் அளவு 'ஹெச்.ஓ.' என்பது. உண்மையில் 87 அடி இருப்பது இதில் ஒரு அடி. ஒரு கிலோமீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மீட்டர். உங்கள் வீட்டு ஹால், சமையலறை, வாசல் தாண்டி மாடிப்படிக்குப் போய்விடும்! பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் வழக்கமான ரயில் பெட்டி சுமார் 22 மீட்டர் நீளம். வகுத்தால் கால் மீட்டர், அதாவது உங்கள் ஸ்கேலைவிடக் கொஞ்சம் குறைவு. 24 பெட்டி எக்ஸ்பிரஸ் ஒன்று ஆறு மீட்டர் வரும். வட்டப் பாதையில் இன்ஜின் தன் கடைசிப் பெட்டியையே முட்டும். (உண்மைப் பெட்டியைத் தொட்டுப் பார்க்க ஆசையா? ஐ.சி.எஃப். அருகில் 2002-ல் திறந்த ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது.)

அதனால் எல்லாவற்றையும் சுருக்க வேண்டும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று முடிவு செய்வதுதான் அந்தப் பையனின் வேலை. ஆற்றை விடமாட்டேன் என்றான். ஸ்டேஷன் இரண்டு போதும், பெட்டி நாலு போதும். கால்வாய் ஓரத்து எருமையைக் கட்டாயம் வைக்க வேண்டுமாம்! வைத்தான். மயிலாப்பூரையும் கோட்டூர்புரத்தையும் மூன்றடியில் சேர்த்துவிட்டான். பார்த்தவர்கள் எல்லாரும் "அட, நம்ம ஆறு!" என்றார்கள்.

இன்னொரு வேடிக்கை. ஹெச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வருகிறது. அதனால் நம் ரயிலை அதில் ஓட்டினால், பெரிய உடம்பு, ஒடுங்கிய கால். ஆனால் சென்னை மெட்ரோ ரயிலின் பாதை 1,435 மில்லிமீட்டர். வகுத்துப் பாருங்கள். கச்சிதமாக 16.5!

பெரியவர்கள் இதையெல்லாம் எவ்வளவு தூரம் கொண்டு போயிருக்கிறார்கள் தெரியுமா? புனே நகரில் கோத்ரூட் பகுதியில் பாவூசாகேப் ஜோஷி என்பவர் அமைத்த குட்டி ரயில் அருங்காட்சியகம் 1998 ஏப்ரல் முதல் தேதி திறக்கப்பட்டது. ரயில்களோடு ஒரு நகரமே அதில் இருக்கிறது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் பிரவுன் சகோதரர்கள் 2001-ல் தொடங்கிய 'மினியேச்சர் வுண்டர்லாண்ட்' உலகிலேயே பெரியது. தண்டவாளம் மட்டும் 15 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பகல் முடிந்து இரவாகி விளக்குகள் எரியும். படத்தில் பார்த்து மகிழுங்கள். அதைப் பார்த்து ஹாலில் கட்ட ஆரம்பிக்காதீர்கள், என் கதை உங்களுக்குத் தெரியும்.

கையை அளந்த பிறகு பலகையை அளங்கள்

பலகை எவ்வளவு பெரியது வேண்டும்? டேப்பை எடுத்து அக்குளிலிருந்து விரல் நுனி வரை உங்கள் கையை அளங்கள். சுவரை ஒட்டிப் போடும் பலகையின் அகலம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஹெச்.ஓ. ரயில் வட்டமாகத் திரும்ப மூன்றடிக்கு மேல் வேண்டும். அது உங்கள் கைக்கு எட்டாது. ஆகவே அந்தப் பலகை மூலைக்குப் போகக் கூடாது, இரண்டு பக்கமும் நீங்கள் நடமாட வேண்டும். இடமே இல்லையா? 'என்' என்று இன்னும் சின்ன அளவு இருக்கிறது. தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர், இரண்டடிப் பலகையில் திரும்பிவிடும். விலையைக் கேட்டதும் அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டால் இருக்கவே இருக்கிறது தீப்பெட்டி.

வளைவில் ஸ்டேஷனை ஒட்டுவதற்கு முன் ஒரு பெட்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். நீளப் பெட்டி வளைவில் திரும்பும்போது நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் துருத்தும். பென்சிலால் அந்த இடத்தைக் குறித்து, அதற்கு வெளியே பிளாட்பாரம் வையுங்கள்.

அடையாறு, மயிலாப்பூர்க் காற்றில் உப்பு அதிகம். இரும்புத் தண்டவாளம் சீக்கிரம் துருப்பிடிக்கும். தினமும் விளையாடும் முன் காய்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். நிக்கல் சில்வர் தண்டவாளம் நல்லது. பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். முளைப்பயிரைப் பலகை மேல் நேராக விதைக்காதீர்கள். தனித்தனித் தட்டில் முளைக்கவிட்டு, தண்ணீரை வடித்துவிட்டுக் கொண்டுவந்து வையுங்கள். வீட்டு மின்சாரம் 230 வோல்ட், ரயிலுக்கு வேண்டியது 12 வோல்ட்தான். நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைப் பிளக்கில் சொருகுவதும் எடுப்பதும் பெரியவர்கள் வேலை. ஈரக் கையோடு யாரும் கிட்டே வரக் கூடாது.

கேழ்வரகை மஹாளய அமாவாசைக்கு நாலைந்து நாள் முன்பே தூவினால் முதல் நாள் கொலுவுக்குப் பச்சை தெரியும்.

எங்கள் வீட்டில் அந்த வருடம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? படிக்கு இடது பக்கம் கீழ்வீட்டுப் பையனின் ஆறும் பறக்கும் ரயிலும். பேரனின் கால அட்டவணை அதற்கு மேலே. அட்டைச் சுவருக்குப் பின்னால் நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இருபது எண்ணி எண்ணி ரயிலை அனுப்பிக்கொண்டிருந்தேன். வாமனர் ஒட்டிய குடையோடு மேல்படிக்குப் போய்விட்டார், பாட்டியின் உத்தரவு. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் எல்லாவற்றையும் காகிதத்தில் சுற்றிப் பரணில் ஏற்றினோம். தீப்பெட்டிகளை மட்டும் பேத்தி பரணில் ஏற்ற விடவில்லை. பென்சில் டப்பாவோடு அவள் ஊருக்கே எடுத்துக்கொண்டு போனாள்.

போன வாரம் போன் செய்தாள். "தாத்தா, 5, 2, 8, 1, 7. பதினாறு நகர்த்தல்ல முடிச்சுட்டேன்!"

நான் இன்னும் பத்தொன்பதில் நிற்கிறேன்.